ஒரு காப்புரிமை எதைக் காக்கிறது, எதுவரை காக்கிறது: ஆவணத்தைப் படித்தறியும் முறை

மறுசேர்க்கை எதிர்ப்பொருள் (நோய் எதிர்ப்பில் பங்குகொள்ளும் புரதத்தை, அதற்கான டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் செலுத்தி உருவாக்குவது) தயாரிப்பு பற்றி ஓர் ஆய்வகக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதற்கு அடிப்படையான காப்புரிமை ஒன்று எந்த ஆண்டு காலாவதியாகியது என்று குறிப்பிட வேண்டியிருந்தது. நான் கணக்கிட்டு எழுதிய ஆண்டு உண்மையான ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டுகள் விலகியிருந்தது. அந்தப் பிழையைத் திருத்துவதற்காக அந்த ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி உரிமைக்கோரல் வரை படித்தேன். பிறகு புரதப் பகுப்பாய்விலும் கம்பியில்லாத் தொடர்பிலும் சில ஆவணங்களை அதே முறையில் படித்துப் பார்த்தேன். அப்படிப் படிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க ஆவணங்கள் என்பதால் காலக் கணக்கும் அந்நாட்டுச் சட்டப்படியே தரப்பட்டுள்ளது.

படி 1: ஆவணத்தைக் கண்டுபிடித்தல்

எண் தெரிந்தால் எண்ணைக் கொண்டே தேடுங்கள். நாட்டின் ஈரெழுத்துக் குறியை முன்னால் சேர்த்து, எண்ணுக்கு நடுவே காற்புள்ளி இடாமல் தட்டச்சு செய்தால் போதும். படிப்பதற்குக் கூகுள் பேட்டன்ட்ஸ் தளமே வசதியானது என்பது என் கருத்து. ஒரே கண்டுபிடிப்புக்கு வெவ்வேறு நாடுகளில் பெறப்பட்ட காப்புரிமைகளை ஒரு குடும்பமாகத் திரட்டிப் பார்க்க, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தையே நான் நம்புகிறேன்.

பெயரைக் கொண்டு தேடும்போது கவனம் தேவை. அலைவரிசைத் தாவல் முறைக்காக 1942 ஆகஸ்ட் 11 அன்று வழங்கப்பட்ட 2,292,387 என்ற காப்புரிமை நடிகை ஹெடி லமாருடையது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஆவணத்தில் இருக்கும் பெயர் ஹெடி கீஸ்லர் மார்க்கி. அவருடன் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெயிலின் பெயரும் இருக்கிறது. அதேபோல, மின்னலைகளை உணரும் கருவிக்காக 1904இல் ஜகதீஷ் சந்திர போஸ் பெற்ற 755,840 என்ற காப்புரிமையில் அவருடைய பெயரின் எழுத்துக்கூட்டல் இன்றைய வழக்கத்திலிருந்து மாறுபட்டது. 1976க்கு முற்பட்ட அமெரிக்க ஆவணங்களின் எழுத்துவடிவம் படத்திலிருந்து இயந்திரம் படித்தெடுத்தது என்பதால் அதில் பிழைகளும் மிகுதி. பழைய ஆவணம் பெயரால் கிடைக்கவில்லை என்றால், அது இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

எண்ணும் பெயரும் தெரியாதபோது வகைப்பாட்டுக் குறியைப் பயன்படுத்தலாம். எதிர்ப்பொருள்களுக்கு சி07கே 16, புரதங்களைக் கொண்ட பகுப்பாய்வுக்கு ஜி01என் 33/68, கம்பியில்லா வலைப்பின்னல்களுக்கு எச்04டபிள்யூ என்ற பிரிவுகள் உள்ளன. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒற்றைவகை எதிர்ப்பொருள்களை உருவாக்கும் ஹைப்ரிடோமா முறையை 1975இல் வெளியிட்ட கோலரும் மில்ஸ்டீனும் அதற்குக் காப்புரிமை பெறவே இல்லை. அவர்களுக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஆவணங்களும் உண்டு.

படி 2: முதல் பக்கம்

எண்ணின் இறுதியில் வரும் எழுத்து, ஆவணம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். 2001 முதல் அமெரிக்க ஆவணங்களில் ஏ1 என்றால் வெளியிடப்பட்ட விண்ணப்பம் மட்டுமே. பி1 அல்லது பி2 என்றால் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன் வழங்கப்பட்ட காப்புரிமைகளுக்கும் தேடுதளங்கள் வெறும் ஏ என்ற எழுத்தையே இடுகின்றன. அதைக் கண்டு, இது விண்ணப்பத்தோடு நின்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

கண்டுபிடித்தவரும் உரிமையாளரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. பெரிய புரத மூலக்கூறுகளைப் பல மின்னூட்டம் கொண்ட அயனிகளாக்கி அவற்றின் மூலக்கூறு எடையை அளக்கும் முறைக்கு ஜான் ஃபென் 1992இல் 5,130,538 என்ற காப்புரிமையைப் பெற்றார். அதன் உரிமை யாருக்கு என்பதில் அவருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் வழக்கு நடந்து, 2005இல் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அதே துறைப் பணிக்காக ஃபென் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டிருந்தார். உரிமையாளர் யார் என்று எழுதுவதற்கு முன் உரிமை மாற்றப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள்.

படி 3: உரிமைக்கோரல்களைப் படித்தல்

தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு, ‘இந்தக் காப்புரிமை இதைக் காக்கிறது’ என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. சட்டப் பாதுகாப்பின் எல்லையை வரைவன ஆவணத்தின் இறுதியில் எண்ணிடப்பட்டு வரும் உரிமைக்கோரல்களே. ஒவ்வொரு கோரலும், எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஒரே வாக்கியமாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அதனால் அதை உடைத்துப் படிக்க வேண்டும். நான் ஒரு தாளில் ஒவ்வொரு கூறையும் தனி வரியில் எழுதிக்கொள்கிறேன். இதற்கென்று விற்கப்படும் மென்பொருள்களைவிடத் தாளும் பென்சிலுமே எனக்குத் தெளிவைத் தருகின்றன.

என் ஆய்வகக் குறிப்புக்கு அடிப்படையான, கபிலி காப்புரிமை என்று துறையினர் அழைக்கும் 6,331,415இன் முதல் கோரலை எடுத்துக்கொள்வோம். அதை உடைத்தால் கிடைப்பவை இவை: ஓர் எதிர்ப்பொருளையோ, செயல்படும் அதன் துண்டையோ உருவாக்கும் செய்முறை, அது நடப்பது ஒற்றை ஓம்புயிர் செல்லுக்குள் (செலுத்தப்படும் டி.என்.ஏ.வை ஏற்றுப் புரதத்தை உருவாக்கும் செல்), எதிர்ப்பொருளை ஆக்கும் இருவகைச் சங்கிலிகளில் கனச் சங்கிலியின் மாறுபடும் பகுதிக்கான (இலக்கைப் பற்றும் பகுதி) டி.என்.ஏ. தொடர் ஒன்றும், இலேசான சங்கிலியின் மாறுபடும் பகுதிக்கான தொடர் ஒன்றும் அந்தச் செல்லுக்குள் செலுத்தப்பட வேண்டும்; இரண்டும் தனித்தனியாக வெளிப்பட்டு, இரு சங்கிலிகளும் தனி மூலக்கூறுகளாக அதே செல்லில் உருவாக வேண்டும்.

‘ஒற்றை’ என்ற சொல்லின் மீது விரலை வைத்துப் பாருங்கள். கனச் சங்கிலியை ஒரு செல்லிலும் இலேசான சங்கிலியை வேறொரு செல்லிலும் உருவாக்கிப் பின்னர் சோதனைக் குழாயில் இணைத்தால், அந்தச் செய்முறை இந்தக் கோரலின் சொற்களுக்குள் வராது. மறுபுறம், கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியான விவரக்குறிப்பில் செய்துகாட்டப்பட்டவை ஈ. கோலை பாக்டீரியாவில் நடந்தவை என்பதால் கோரலும் பாக்டீரியாவுக்கு மட்டுமே உரியது என்று எண்ணத் தோன்றும். ஆனால் கோரலில் இருப்பது ‘ஓம்புயிர் செல்’ என்ற பொதுச்சொல். பாலூட்டிகளின் செல்களும் அதற்குள் அடங்கும். செய்துகாட்டலைவிடக் கோரல் விரிந்து நிற்கும் இத்தகைய இடங்களில்தான் பெரிய வழக்குகள் பிறக்கின்றன.

அடுத்து இணைப்புச் சொல். ஆங்கில ஆவணத்தில் ‘கம்ப்ரைசிங்’ என்று இருந்தால், சொல்லப்பட்ட கூறுகளோடு வேறு எவை சேர்ந்திருந்தாலும் கோரலுக்குள் அடங்கும். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று இருந்தால் சொல்லப்பட்டவை மட்டுமே. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் மற்ற வாசிப்பெல்லாம் வீண். ‘முதலாம் கோரலில் கூறியபடி’ என்று தொடங்குபவை சார்புக் கோரல்கள். அவை முந்தைய கோரலைச் சுருக்குமே தவிர விரிக்காது. முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிச் செல்லலாம்.

படி 4: காலாவதி நாளைக் கணக்கிடுதல்

நான் தவறிய இடம் இதுதான். விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் என்ற விதியை மட்டுமே அறிந்திருந்தேன். கபிலி காப்புரிமையின் மூல விண்ணப்பம் 1983 ஏப்ரலில் அளிக்கப்பட்டது என்பதால் 2003 என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது 2018 டிசம்பர் வரை நடைமுறையில் இருந்தது.

காரணம் இதுதான். அமெரிக்காவில் 1995 ஜூன் 8க்கு முன் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கு, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் ஆகிய இரண்டில் எது பிந்தி முடிகிறதோ அதுவே பொருந்தும். இக்காப்புரிமை வழங்கப்பட்டது 2001 டிசம்பர் 18 அன்று. அதனோடு 17 ஆண்டுகளைக் கூட்டினால் 2018. வழங்கல் அவ்வளவு தாமதமானதற்குக் காரணம், முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் வேறொரு காப்புரிமையோடு எழுந்த நீண்ட போட்டி. கபிலி குழுவின் முதல் காப்புரிமையும் போட்டித் தரப்பின் காப்புரிமையும் 1989 மார்ச் 28 என்ற ஒரே நாளில் வழங்கப்பட்டிருந்தன. விண்ணப்ப நாளை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வரலாறு தெரியவே வராது.

எளிய கணக்கு ஒன்றையும் செய்து பழகுங்கள். கூமாசி நீலச் சாயம் புரதத்தோடு பிணையும்போது அதன் ஒளி உறிஞ்சல் 595 நானோமீட்டருக்கு நகர்வதைக் கொண்டு புரதத்தின் அளவை அறியும் பிராட்ஃபோர்டு முறைக்கான 4,023,933 என்ற காப்புரிமை 1977இல் வழங்கப்பட்டது. அது 1995க்கு முன்பே முடிந்துவிட்டதால் பழைய விதிப்படி 17ஐ மட்டும் கூட்டினால் போதும்: 1994.

பின்சேர்க்கை: இப்பதிவின் முதல் வடிவைப் படித்த ஒருவர், கம்பியில்லா உள்வலைக்காக ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. பெற்ற 5,487,069 என்ற காப்புரிமையைக் கணக்கிட்டு 2012 நவம்பர் என்று விடை கண்டதாகப் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது முன்னுரிமை நாள். அதாவது ஆஸ்திரேலியாவில் முதலில் விண்ணப்பித்த 1992 நவம்பர் 27. தேடுதளம் அந்த நாளையே முதலில் காட்டுவதால் இந்தக் குழப்பம் எளிதில் நேரும். கண்டுபிடிப்பு புதியதா என்பதை மதிப்பிடத்தான் முன்னுரிமை நாள் பயன்படுகிறது. வெளிநாட்டு முன்னுரிமை நாள் இருபது ஆண்டுக் கணக்கில் சேராது. அமெரிக்காவில் விண்ணப்பித்த நாள் 1993 நவம்பர் 23, வழங்கிய நாள் 1996 ஜனவரி 23. முன்னதோடு 20ஐக் கூட்டினால் 2013 நவம்பர். பின்னதோடு 17ஐக் கூட்டினால் 2013 ஜனவரி. பிந்தியது நவம்பர் என்பதால் அதுவே விடை.

படி 5: நிலையைச் சரிபார்த்தல்

கணக்கு தருவது அதிகபட்சக் காலத்தையே. அமெரிக்காவில் வழங்கிய நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் செலுத்தத் தவறினால் காப்புரிமை முன்னதாகவே காலாவதியாகிவிடும். மருந்துகளுக்கு ஒப்புதல் தாமதத்தை ஈடுசெய்யும் நீட்டிப்பும் உண்டு. தேடுதளம் காட்டும் நிலைக்குறிப்பு ஓர் ஊகமே என்பதால், இறுதி முடிவை அந்தந்த நாட்டு அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்தே எடுங்கள். ஒரு நாட்டில் காலாவதியானது இன்னொரு நாட்டில் நடைமுறையில் இருக்கக்கூடும்.

நீதிமன்றத் தீர்ப்புகளையும் தேட வேண்டும். ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் எதிர்ப்பொருள்களுக்காக ஆம்ஜென் பெற்ற 8,829,165, 8,859,741 ஆகிய காப்புரிமைகள், பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் குறிப்பிட்ட இடங்களில் பிணைந்து அதன் செயலைத் தடுக்கும் எல்லா எதிர்ப்பொருள்களையும் கோரின. விவரக்குறிப்பில் அமினோ அமிலத் தொடரோடு தரப்பட்டவை 26 மட்டுமே. இவ்வளவு விரிந்த கோரலை மற்றவர்கள் செய்து பார்க்கும் அளவுக்கு ஆவணம் வழிகாட்டவில்லை என்று 2023 மே 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கோரல்கள் செல்லாதவையாயின. ஆவணத்தின் முதல் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.