பல் கிளினிக்குக்கு ஒரு முன்பதிவுத் திரை: தாளும் பென்சிலும் கொண்டு வடிவமைப்பது எப்படி?

மக்கள் எளிதாகப் பயன்படுத்தும்படி திரைகளை வடிவமைக்கிற துறைக்கு மனிதர்–கணினி ஊடாட்டம் என்று பெரிய பெயர் இருக்கிறது. கோட்பாட்டிலிருந்து ஆரம்பித்தால் பாதியிலேயே கொட்டாவி வந்துவிடும். அதனால் ஒரே ஒரு திரையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்த்துவிடுவோம்.

தெருமுனையில் ஒரு பல் கிளினிக். வருகிறவர்கள் ஃபோனிலேயே நேரம் குறித்துக்கொள்ள ஒரு பக்கம் வேண்டும். கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர், கையில் ஒரு ஃபோன் இருந்தால் போதும்.

படி 1: யார், எந்த நிலையில், என்ன வேலைக்கு வருகிறார்?

ஐஎஸ்ஓ 9241-11 என்றொரு சர்வதேசத் தரநிலை உண்டு. 1998இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. பயன்படுத்த எளிதா இல்லையா என்பதை யாருக்கு, எந்தச் சூழலில், எந்த வேலைக்கு என்று சொல்லாமல் அளக்கவே முடியாது என்பதுதான் அதன் சாரம். அதைச் சொன்ன பிறகு பார்க்க வேண்டியவை மூன்று: வேலை முடிந்ததா, அதிகம் மெனக்கெடாமல் முடிந்ததா, முடித்தவருக்குத் திருப்தியா.

சரி, தாளின் மேல் பகுதியில் இப்படி எழுதுங்கள்: அறுபது வயது அம்மா. கண்ணாடி பக்கத்தில் இல்லை. இரவு பத்து மணி, கடைவாய்ப் பல்லில் தெறிக்கிற வலி. ஒரு கை கன்னத்தில், இன்னொரு கையில் ஃபோன். நாளைக் காலையில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க வேண்டும்.

இனிமேல் எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் இந்த அம்மாவைக் கேட்டுத்தான் எடுக்கப் போகிறோம். ‘அனைவருக்கும்’ என்று எழுதியிருந்தீர்கள் என்றால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படி 2: கட்டங்களை வெட்டுங்கள்

கிளினிக்குக்கு ஃபோன் போட்டால் ரிசப்ஷனில் என்ன கேட்பார்கள்? “பேரு என்ன? நம்பர் சொல்லுங்க. எப்ப வரீங்க?” மூன்றே கேள்வி. அதே வேலையைத் திரைக்குக் கொண்டுவந்ததும் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், முகவரி, பின்கோடு, ‘எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?’ என்று பட்டியல் நீண்டுவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் நிறுத்தி வைத்துக் கேளுங்கள்: நாளைக் காலை டாக்டர் இதை வைத்து என்ன செய்யப் போகிறார்? பதில் இல்லையென்றால் ரப்பரை எடுங்கள்.

பெயருக்கு ஒரே கட்டம். இனிஷியல் போட்டுப் பழகிய ஊரில் கடைசிப் பெயர் கேட்டு, அதைக் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரமும் வைத்தால் மக்கள் என்ன செய்வார்கள்? ஒரு புள்ளி வைப்பார்கள். அப்பா பெயரைப் போடுவார்கள். இரண்டு கட்டத்திலும் தன் பெயரையே போடுவார்கள். ‘குறைந்தது மூன்று எழுத்து வேண்டும்’ என்று அதற்கு மேல் ஒரு நிபந்தனை போடுகிற மகான்களும் இருக்கிறார்கள்.

ஃபோன் எண் கட்டத்தைத் தொட்டால் எண்கள் மட்டும் பெரிதாக இருக்கிற கீபோர்டு வர வேண்டும். பிறகு இதைக் கோடிங் செய்பவரிடம் தரும்போது, அந்தக் கட்டத்தின் இன்புட் வகையை ‘நம்பர்’ (number) என்று வைக்க வேண்டாம், ஃபோன் எண்ணுக்கான ‘டெல்’ (tel) என்று வையுங்கள் எனக் குறித்துக் கொடுங்கள். ‘நம்பர்’ என்பது கணக்குப் போடுகிற எண்ணுக்கானது. கம்ப்யூட்டரில் திறந்தவர் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண்ணே மாறிவிடலாம். பத்து இலக்கத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் இடம் விட்டு எழுதுவதுதான் நம் பழக்கம். அந்த இடைவெளிக்கும், முன்னால் போடுகிற +91க்கும் ‘தவறான எண்’ என்று சண்டை பிடிக்கக் கூடாது. இடைவெளியை நீக்குவது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லை.

வயது தெரிய வேண்டும் என்றால் வயதையே கேளுங்கள். பிறந்த தேதி கேட்டு நாட்காட்டியைத் திறந்தால், பல்வலிக்காரர் இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாக அறுபது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

அப்புறம் கட்டத்தின் பெயரைக் கட்டத்துக்கு மேலே எழுதுங்கள். உள்ளே மங்கலாக எழுதி வைத்தால் டைப் செய்ய ஆரம்பித்ததும் மறைந்துவிடும். எதை நிரப்பிக்கொண்டிருந்தோம் என்பது மறந்துபோகும்.

படி 3: ஃபோன் அளவிலேயே வரையுங்கள்

ஃபோனைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். உள்ளே திரையை அதே அளவில் வரையுங்கள். வரைந்ததும் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். தொடுகிற இடம் குறைந்தது 44 பாயிண்ட் இருக்கட்டும் என்கிறது ஆப்பிள். கூகுள் சொல்வது 48 டிபி, ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். பாயிண்ட், டிபி இரண்டுமே திரையில் அளக்கிற அலகுகள். ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளலாம். அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் சோதனை செய்து காட்டியதும் இதை ஒட்டியதுதான்: இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருக்க இருக்க, கை போய்ச் சேர நேரம் பிடிக்கும். ஆகவே ‘நேரம் குறி’ பட்டன் கீழே, கட்டைவிரல் எட்டுகிற இடத்தில், திரையின் முழு அகலத்துக்கும் இருக்கட்டும். ‘ரத்து’ அதை ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க நீண்ட பட்டியலை இழுத்துப் பார்க்கச் சொல்லாமல், காலியாக இருக்கிற நேரங்களை மட்டும் சின்னச் சின்னப் பட்டன்களாக வையுங்கள். காலை 10:00, 10:30, 11:30. நிரம்பிவிட்ட 11 மணியைக் காட்டி அவர் தொட்ட பிறகு ‘இல்லை’ என்று சொல்வானேன்?

எழுத்து வரும் இடத்தில் கோணல்கோடு கிறுக்கி வைக்காமல் உண்மையான தமிழ்ச் சொற்களையே எழுதுங்கள். ‘முன்பதிவை உறுதிப்படுத்து’ ஒரு சின்னப் பட்டனுக்குள் அடங்காது என்பது அப்போதுதான் தெரியும். நிறத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். பிறகு செய்யும்போது சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5:1க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை அளக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன.

படி 4: தொட்ட பிறகு என்ன தெரிகிறது?

இதற்குத் தனியாக இரண்டு தாள் வேண்டும்: வேலை முடிந்தால் வருவது ஒன்று, முடியாவிட்டால் வருவது ஒன்று.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு காட்டியதோ மூடச் சொல்லிச் சமிக்ஞை போனதை மட்டும்தான். உண்மையில் வால்வு எப்படி இருக்கிறது என்பதை அது காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையப்பகுதி ஓரளவு உருகிப்போனது. அன்று கோளாறுகள் வேறு பலவும் இருந்தன. ஆனாலும் இந்தத் துறையில் அந்த விளக்கை யாரும் மறப்பதில்லை.

பட்டனைத் தொட்ட மறுகணமே, சர்வரிலிருந்து பதில் வரும் முன்பே, ‘பதிவாகிவிட்டது’ என்று காட்டினால் நாமும் அந்த விளக்கைத்தான் மாட்டுகிறோம். காலையில் அந்த அம்மா கிளினிக்குக்குப் போனால் ரிஜிஸ்டரில் பெயர் இருக்காது. தொட்டதும் பட்டன் நிறம் மாறட்டும். பத்தில் ஒரு விநாடிக்குள் நடந்தால் உடனே நடந்தது போலத் தெரியும். ஒரு விநாடியைத் தாண்டும் என்றால் ‘பதிவு செய்கிறோம்…’ என்று காட்டுங்கள். கிளினிக் பக்கம் உறுதியான பிறகு நாள், நேரம், பெயர் மூன்றையும் போட்டுச் சொல்லுங்கள்.

தோல்வித் தாளில் ‘பிழை ஏற்பட்டது’ என்று எழுதாதீர்கள். ‘எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கிறது, 10 வேண்டும்’ என்று அந்தக் கட்டத்துக்கு அடியிலேயே எழுதுங்கள். நிரப்பி வைத்த மற்ற விவரங்கள் அழியக் கூடாது.

படி 5: ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்

என்னைக் கேட்டால், நேரம் இல்லாதபோது மற்றப் படிகளைக் குறைத்துக்கொள்ளலாம், இதை விடக் கூடாது. ஐந்து என்ற கணக்கு இந்தத் துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அவர்கள் பார்த்த திட்டங்களில், ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரிந்தன. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்து பேரில் 85 சதவீதம் வரை வரும். எல்லாத் திரைக்கும் இதே விகிதம் வரும் என்று நம்ப வேண்டாம். ஆரம்பிக்க இது போதும். மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர், பக்கத்து வீட்டு மாமா, அத்தை என்று கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர் படித்த நண்பர்கள் வேண்டாம்.

தாளைக் கையில் கொடுத்து, “அத்தை, உங்களுக்குப் பல்வலின்னு வெச்சுக்கோங்க. நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்கணும். மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நான் சோதிக்கிறது இந்தத் தாளைத்தான், உங்களை இல்ல” என்று சொல்லுங்கள். ‘நேரம் குறி’ என்ற சொல்லை மட்டும் நீங்கள் உச்சரித்துவிடாதீர்கள். அவர் பட்டனைத் தொட்டால் அடுத்த தாளை நீங்கள் எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் இப்போது நீங்கள்தான்.

பிறகு வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டம்தான். “இதை அமுக்கணுமா?” என்று கேட்பார். “அமுக்கினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். விரல் எங்கே தயங்கி நின்றது, முதலில் எதைத் தொட்டார், என்ன சொன்னார் என்று அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் “நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “நல்லாருக்குப்பா” என்பார். வரைந்தது நீங்கள் என்று தெரிந்த பிறகு வேறு என்ன சொல்வார்?

இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அதை முதலில் திருத்துங்கள். திருத்திய தாளைப் புதிதாக ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். தடுமாற்றம் நின்ற பிறகு, கம்ப்யூட்டரில் திரை வடிவமைக்கிற ஃபிக்மா மென்பொருளைத் திறந்தால் போதும். கோடிங் செய்பவரிடம் ஒப்படைக்கும்போது தாள்களோடு உங்கள் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள். கடைசிப் பெயர் கட்டம் எங்கே என்று கண்டிப்பாகக் கேட்பார்.