ஜெர்மனியில் நீதிபதியாகி உச்ச நீதிமன்றத்தின் சிவப்பு அங்கி வரை போவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெர்மன் குடியுரிமை இல்லாமல் அங்கே நீதிபதியாக முடியாது. அது கையில் இருக்கிறதா? சரி, மேலே படியுங்கள்.

பல வருடம் வக்கீலாக இருந்து பேர் வாங்கிய பிறகு நீதிபதி ஆவது அங்கே வழக்கமில்லை. சட்டம் படித்து முதல் அரசுத் தேர்வு, அப்புறம் ரெஃபரெண்டாரியாட் என்ற 2 வருடப் பயிற்சி, அதன் முடிவில் இரண்டாவது அரசுத் தேர்வு. வக்கீலும் இதே வழியில்தான் வருகிறார், ஆளைப் பிரிப்பது மதிப்பெண். மொத்தம் 18 புள்ளி, 9 எடுத்தால் கொண்டாட்டம். பாதி மார்க்குக்கா இத்தனை அலட்டல் என்று நம் வீட்டில் கேட்பார்கள், ஆனால் அந்த 9ஐத் தொடுகிறவர்கள் அங்கே சிறுபான்மைதான். ரொம்ப காலம் இரண்டு தேர்விலும் 9 கேட்டார்கள். இப்போது ஆள் கிடைக்காமல் பல மாநிலங்கள் இறங்கி வந்திருக்கின்றன. அதனால் எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கிறீர்களோ அங்கே இன்று என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

சேர்ந்ததும் தகுதிகாண் நீதிபதி. முப்பது வயதுகூட ஆகாமல், ஆம்ட்ஸ்கெரிஷ்ட் என்ற கீழ் நீதிமன்றத்தில் தனியாக உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டியிருக்கும் (குடும்ப வழக்கு போன்ற சிலவற்றை மட்டும் முதல் வருடம் தரமாட்டார்கள்). குறைந்தது 3 வருடம், அதிகம் போனால் 5, பிறகு வாழ்நாள் நியமனம். பலர் ஆர் 1 என்ற தொடக்கச் சம்பள நிலையிலேயே நிம்மதியாக ஓய்வு பெறுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

மேலே போக ஆசை இருந்தால், மாநில மேல் நீதிமன்றத்தில் சில மாதம் உட்கார வைத்துச் சோதிப்பார்கள். 'மூன்றாவது அரசுத் தேர்வு' என்று கிண்டலாகச் சொல்வது இதைத்தான். மதிப்பீட்டு அறிக்கை நன்றாக வந்தால் ஆர் 2 என்ற அடுத்த நிலை திறக்கும். கார்ல்ஸ்ரூஹே நகரில், சிவில், குற்ற வழக்குகளுக்கான உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு உதவியாளராகச் சில வருடம் போகச் சொன்னால் வீட்டில் முணுமுணுத்தாலும் போய்விடுங்கள், உங்கள் எழுத்தை அவர்கள் தினமும் பார்க்கிற இடம் வேறு கிடையாது.

சிவப்பு அங்கி போடும் அந்த உச்ச நீதிமன்றத்துக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் போட வழியில்லை. யாராவது உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். மாநில அமைச்சர்கள் 16 பேர், நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த 16 பேர் கொண்ட குழு ரகசியமாக வாக்களிக்கும். எந்த மாநிலம், எந்தக் கட்சிக்கு வேண்டியவர் என்பதெல்லாம் கணக்கில் வராது என்று நம்பினால் நீங்கள் அப்பாவி. நிர்வாகப் பக்கமிருந்தும் வரலாம்: 2014இல் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவரான பெட்டினா லிம்பெர்க், ஸ்டுட்கார்ட்டில் மாநில நீதி அமைச்சகத்தின் உயர் பதவியிலிருந்து வந்தவர்.

அரசியலமைப்பு தொடர்பான வழக்குகளை மட்டும் பார்க்கும் அரசியலமைப்பு நீதிமன்றம் தனி உலகம். 16 நீதிபதிகள், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பின்னாளில் அதன் தலைவரான ஷ்டெஃபான் ஹார்பார்ட் 2018இல் உள்ளே வரும்போது வக்கீல், நாடாளுமன்ற உறுப்பினர். ஆனாலும் இரண்டு அமர்வுகளிலும் தலா 3 பேராவது கூட்டாட்சியின் உச்ச நீதிமன்றங்களிலிருந்து (மேலே சொன்னது அவற்றில் ஒன்று) வந்தாக வேண்டும், உங்கள் கதவு அதுதான். 40 வயதுக்கு முன் நுழைய முடியாது, பதவிக்காலம் 12 வருடம், 68இல் எழுந்து போக வேண்டும். ஆக 56 தாண்டி அழைப்பு வந்தால் முழுக் காலமும் கிடைக்காது.