பந்தய ஆப்பை அழித்தால் போதாது, வங்கி ஆப்பில் தடை போடுங்கள்
பிரிட்டனில் இருப்பவர்கள் மொபைல் சூதாட்டத்தைக் கட்டுக்குள் வைக்க நினைத்தால், பந்தய ஆப்பை அழிப்பதோடு நிற்காமல் உங்கள் வங்கி ஆப்பில் கார்டு அமைப்புகளுக்குள் போய் சூதாட்டத் தடையைப் போட்டுவிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். கார்டு நிறுவனங்கள் ஒவ்வொரு வகை வியாபாரத்துக்கும் ஒரு எண் வைத்திருக்கின்றன, சூதாட்டத்துக்கு 7995. அந்த எண்ணோடு வரும் கட்டணத்தை வங்கியே மறுத்துவிடும். அழித்த ஆப்பை ஒரே நிமிடத்தில் திரும்ப இறக்கிவிடலாம், ஆனால் இந்தத் தடையை எடுக்கப் பல வங்கிகளில் 48 அல்லது 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் சூதாடத் துடிக்கும் அந்த வேகம் அடங்கிவிடும். (பாதிப் பிரச்சினையே அந்த வேகம்தான்.)

ரொக்கம், கிரிப்டோ, நேரடி வங்கிப் பரிமாற்றம் எல்லாம் பெரும்பாலும் இதில் சிக்காது. அப்புறம் கேம்ஸ்டாப்பிலும் (GAMSTOP, பிரிட்டனில் உரிமம் உள்ள ஆன்லைன் சூதாட்டத் தளங்களிலிருந்து உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளும் சேவை) இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள், குறைந்தது 6 மாதம் பூட்டு விழும். ஆனால் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்களிடம் அது செல்லாது.