ரிம் மாற்றும் முன் ஆஃப்செட்டைப் பாருங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் அலைன்மென்ட் பட்டறைக்கு வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது, “அண்ணா, வண்டி அகலமாகத் தெரிய எந்த ரிம் போடலாம்?” என்பதுதான். உயரம் கூட்டாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான் சொல்வது ஒன்றே: பழைய ஆஃப்செட்டிலிருந்து 10, மிஞ்சினால் 15 மி.மீ.க்கு மேல் விலகாதீர்கள்.

ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில்) பதியும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஆஃப்செட். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். பழைய ரிம்மைக் கழற்றிப் பின்புறம் துடைத்தால் ‘ஈ.டி.’ என்ற எழுத்துகளை அடுத்து அந்த எண் தெரியும். 17 அங்குல ரிம் போட்ட டொயோட்டா ஹைலக்ஸில் 30, ஃபோர்டு ரேஞ்சரில் 55, இப்போதைய சுசூகி ஜிம்னியில் வெறும் 5. ஹைலக்ஸ் ரிம்மை ரேஞ்சரில் மாட்டினால் ஆறு போல்ட்டும் அழகாகப் பொருந்தும். ஆனால் ஆஃப்செட் வித்தியாசம் மட்டுமே சக்கரத்தை 25 மி.மீ. வெளியே தள்ளிவிடும். அந்த ரிம்மின் நடுத்துளையும் 106.1 மி.மீ., ரேஞ்சரின் ஹப்போ 93.1. இடைவெளியை வளையம் போட்டு அடைக்காவிட்டால் ஸ்டியரிங் நடுங்கக்கூடும்.

அகலத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஹைலக்ஸில் 7.5 அங்குல ரிம்முக்குப் பதிலாக 8 அங்குலம், ஆஃப்செட் 20 என்று வைத்துக்கொள்வோம். கூடிய அரை அங்குலத்தில் பாதி, அதாவது 6.35 மி.மீ., வெளிப்பக்கம் போகிறது. ஆஃப்செட் குறைந்த 10 மி.மீ. அதோடு சேர்கிறது. மொத்தம் 16 மி.மீ.க்குச் சற்று மேல். உள்ளே 3.65 மி.மீ. இடம் கூடுகிறது. இது நல்ல தேர்வு. அதே வண்டிக்கு 9 அங்குலம், ஆஃப்செட் பூஜ்யம் என்றால் வெளி விளிம்பு 49 மி.மீ. நகரும். சானி கணவாயின் சரளையில் தெறிக்கும் கல்லெல்லாம் கதவைப் பதம் பார்க்கும், பேரிங்கின் மேல் சுமை ஏறும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் கையை உதறும்.

வாங்கும் முன் மட்கார்டின் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, டயரின் புடைப்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்த எல்லை. கடைக்காரர் ஒரு ரிம்மை மாட்டிக் காட்டச் சம்மதித்தால், டயரின் தோள்பட்டையில் சாக்பீஸைத் தேயுங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு முன்சக்கரத்தை மேட்டில் மெதுவாக ஏற்றுங்கள். பிறகு இறங்கி, சக்கர வளைவின் உட்புறத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னோக்கி ஓட்டியும் பார்க்க வேண்டும். பல வண்டிகள் அப்போதுதான் உரசும்.

ரிம்மில் பொறித்த எடைத்திறன், பின் அச்சுக்கு அனுமதித்த எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டச் சேற்றுப் பாதையில் சுமையோடு போகிறவர்கள் இதை விட்டுவிடவே கூடாது. நட்டும் முக்கியம்: டொயோட்டாவின் அசல் அலாய் ரிம்முக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு வருகிறது, கடையில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலானவை கூம்பு நட்டுக் கேட்கும். பழையதையே போட்டு முறுக்கினால் சக்கரம் தளரும். ஆஃப்செட்டைச் சரிசெய்ய ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தகடு) போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சரியான ரிம்மைத் தேடுங்கள்.

மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.