22 கிலோமீட்டர்தானே என்று கிளம்பாதீர்கள்: பர்கண்டி திராட்சைத் தோட்டங்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் பாக்கி. பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் ஒரு குட்டிக் கிராமத்துச் சதுக்கம். அங்கிருந்த ஒரே உணவகத்தின் அம்மா நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், முடிந்துவிட்டதாம். எதிரே பேக்கரி, அன்று முழுநாள் விடுமுறை. சுற்றிலும் உலகத்திலேயே விலை அதிகமான திராட்சைக் கொடிகள், என் பையிலோ உருகிப்போன அரை சாக்லேட்.

அந்த ஊர்ப்பக்கம் சைக்கிளில் போகிற பெரும்பாலோர் முதலில் சறுக்குவது இங்கேதான். போன் நகரத்திலிருந்து சான்த்னே வரை தோட்டங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை போகிறது. ‘வுவா தே வீஞ்’ என்பார்கள், திராட்சைக் கொடிகளின் வழி என்று அர்த்தம். மொத்தம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். (போன் என்றதும் கைப்பேசி நினைவுக்கு வரும், என்ன செய்ய, அந்த ஊர்ப் பெயரே அப்படித்தான்.) மணிக்கு 15 கிலோமீட்டர் என்று போட்டால் ஒன்றரை மணி நேரம். அப்படிக் கணக்குப் போட்டுப் பத்தரைக்குக் கிளம்பினால் பசி நேரத்தில் நடுவழியில் நிற்பீர்கள். அங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை, ஊர் எப்போது கதவைச் சாத்துகிறது என்பதுதான் முக்கியம்.

கடைகள் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மூடிக்கிடக்கும். அந்த நேரத்தில்தான் உணவகங்கள் திறந்திருக்கும், ஆனால் ஒன்றரைக்கு மேல் போனால் சமையலறை கை கழுவியிருக்கும். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன்னால் எங்கும் கிடைக்காது. ஞாயிறு மதியமும் திங்களும் பல ஊர்களில் ஈ ஆடும். மே 1, மே 8, ஜூலை 14, ஆகஸ்ட் 15 போன்ற பொது விடுமுறைகளும் இதில் சேரும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் போன் நகரத்துக் காலைச் சந்தையே போதும்.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன். கிராமத்து நீரூற்றில் ‘ஓ நோன் பொத்தாபிள்’ என்று பலகை இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. அப்போது கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும், அதே எச்சரிக்கைப் பலகை இல்லாவிட்டால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். பிரான்ஸில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். முதல் தடவை எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இரண்டாவது தடவை தாகம் ஜெயித்துவிட்டது.

துப்பக் கூசுவது

ஒயின் ருசிபார்க்கிற இடத்தில் மேசைமேல் ஒரு வாளியோ ஜாடியோ இருக்கும். வாயில் ஊற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு அதில் துப்ப வேண்டும். எச்சில் என்றால் முகம் சுளிக்கிற வளர்ப்பு நமக்கு. அதிலும் ஊற்றிக் கொடுத்தவர் எதிரிலேயே நிற்கும்போது துப்புவது அவரை அவமதிப்பதுபோல் தோன்றும். அதனால் மரியாதைக்காக விழுங்கிவிடுகிறோம். ஆனால் அங்கே தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள், விழுங்குகிறவரைத்தான் சுற்றுலாக்காரர் என்று கண்டுபிடிப்பார்கள்.

கணக்குப் பாருங்கள். ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 50 மில்லி என்றால் 300 மில்லி. 750 மில்லி பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கு உள்ளே போயிருக்கும், அதுவும் வெறும் வயிற்றில், வெயிலில். சைக்கிள்தானே, யார் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கார் ஓட்டுகிறவருக்கு உள்ள அதே வரம்பு, அதாவது லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், சைக்கிள்காரருக்கும் பொருந்தும். மீறினால் 135 யூரோ அபராதம், 0.8 கிராமைத் தாண்டினால் அது குற்ற வழக்கு. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்தாலும், காதில் இயர்போன் மாட்டியிருந்தாலும் அதே 135 யூரோதான்.

இன்னொன்று, தோட்டத்துக்காரர் வீட்டுக் கதவைத் திடீரென்று தட்டாதீர்கள். பர்கண்டியில் பெரும்பாலானவை சின்னக் குடும்பத் தோட்டங்கள், நமக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டியவர் அப்போது டிராக்டர்மேல் இருப்பார். ‘சூர் ரான்தேவூ’ என்ற பலகை இருந்தால் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். உள்ளே நுழைந்ததும் முதல் சொல் ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் விலையைக் கேட்டால் முகம் கல்லாகிவிடும். பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. மோன்ராஷே (Montrachet) என்பதன் கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது, நடுவில் இருக்கும் ‘ட்’டும் மௌனம்தான்.

அந்தப் பெயரிலேயே ஒரு கதை உண்டு. புலின்யி என்ற ஊர், தன் எல்லையில் இருக்கும் புகழ்பெற்ற மோன்ராஷே தோட்டத்தின் பெயரை 1879இல் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வடக்கே ழெவ்ரே என்ற ஊர் 1847லேயே ஷாம்பெர்தான் தோட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டு வழிகாட்டியிருந்தது. இது தெரியாமல் பெயரை மட்டும் பார்த்து பாட்டில் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். புலின்யி-மோன்ராஷே என்று மட்டும் லேபிளில் இருந்தால் அது அந்த ஊர்ப் பெயரில் வரும் பொது ஒயின். வெறும் மோன்ராஷே என்றால் உச்ச தரம், விலை பலமடங்கு. வித்தியாசத்தைக் காலாலேயே உணரலாம். கீழே தட்டையாக, மிதிக்கச் சுலபமாக இருக்கும் நிலம் பெரும்பாலும் சாதாரணத் தரம். மேட்டில் ஏறத் தொடங்கி மூச்சு வாங்குகிற நடுச்சரிவில்தான் பெரிய பெயர்கள். தண்ணீர் தேங்காது, வெயில் நன்றாகப் படும். 2015இல் யுனெஸ்கோ இந்தத் தோட்டத் துண்டுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பாதையும் டிராக்டரும்

வரைபடத்தில் நேராக ஒரு கோடு தெரிகிறதே என்று டி974 நெடுஞ்சாலையில் இறங்கிவிடாதீர்கள். லாரிகள் உரசிக்கொண்டு போகும். பக்கத்திலேயே தோட்டத்துக்குள் குறுகலான பாதை இருக்கிறது, அங்கே காற்றும் கொடியும் மட்டும்தான். ஆனால் அந்தப் பாதை நமக்காக மட்டும் போட்டதல்ல என்பது நினைவிருக்கட்டும். கொடி வரிசைக்கு மேலே கால் அகட்டி நிற்கிற மாதிரி உயரமான டிராக்டர் வரும், ஒதுங்கி வழிவிடுங்கள். கோடையில் அது மருந்து தெளித்துக்கொண்டு வந்தால் அந்த வரிசை முடியும்வரை தள்ளியே நில்லுங்கள். தெளிப்பது பெரும்பாலும் தாமிரமும் கந்தகமும். அதனால்தான் கைக்கெட்டுகிற குலையைப் பறித்து வாயில் போடக் கூடாது என்கிறேன். திருட்டு என்பது தனி. மழைக்குப் பிறகு டிராக்டர் சக்கரம் கொட்டிய சேறு காங்கிரீட்டில் சோப்புபோல் வழுக்கும்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் உரிய ஒரு ஆபத்தும் இருக்கிறது. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வண்டிகள் நிறைந்த சாலையில் அது தானாகவே நினைவிருக்கும். ஆளில்லாத தோட்டப் பாதையில் படம் எடுக்க நிறுத்திவிட்டு மறுபடி ஏறும்போதுதான் பழக்கதோஷம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எனக்கு மெர்சோ என்ற ஊர்ப் பக்கத்தில் அப்படி ஆனது, எதிரே வந்தவர் நல்லவேளையாக மெதுவாக வந்தார். கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை, அது ஒரு சந்தாக இருந்தாலும். பெரிய தெருவில் போகிறோம் என்ற தெம்பு அங்கே உதவாது.

சைவச் சாப்பாடு

முட்டை சாப்பிடுகிறவர்கள் ‘ஈஃப் ஆன் மெரெத்’ என்ற உணவைப் பார்த்து நிம்மதியடைவார்கள். ஒயின் குழம்பில் வேகவைத்த முட்டைதான், ஆனால் குழம்பில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் மிதக்கும். சாலட்டிலும் அதே துண்டுகள் ஒளிந்திருக்கும், ‘லார்தோன்’ என்பார்கள். ‘லார்தோன் வேண்டாம்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள், பொதுவாக இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ‘கூஜேர்’ என்ற, பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட மாவுருண்டை நல்லது, முட்டை சேரும். எப்வாஸ் பாலாடைக்கட்டி மணக்கும், ஆனால் அதன் மேற்புறத்தைப் பிராந்தியால் கழுவித்தான் பழுக்க வைப்பார்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வரி. செப்டம்பரில் அறுவடை, தொழிலாளர்களால் அறைகள் நிரம்பிவிடும். நவம்பர் மூன்றாவது ஞாயிறு போன் நகரத்தின் பழைய மருத்துவமனையின், 1443இல் தொடங்கியது அது, ஒயின் ஏலம். அந்த வாரம் அறை கிடைப்பது அரிது. மே கடைசியும் ஜூனும்தான் என் தேர்வு.

சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோவது பலருக்குப் பிடித்த தவறு. பாரிஸிலிருந்து வரும் அதிவேக ரயில்களில் சிலவற்றில் மட்டும்தான் சைக்கிளுக்கு இடம், அதற்கும் முன்பதிவு வேண்டும். போன் நகரத்திலேயே வாடகைக்கு எடுங்கள். பின் கேரியரில் பை மாட்ட வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் நிரம்பிய ஒயின் பாட்டில் ஒன்று ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். முதல் கிராமத்திலேயே மூன்று வாங்கினால் நாள் முழுக்க நான்கு கிலோவைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற வேண்டும், பை வெயிலில் சூடாகி ஒயினும் கெடும். கடைசி ஊரில் வாங்குங்கள். இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர்.

சான்த்னே போய்ச் சேர்ந்தபின் திரும்பி ஓட்ட வேண்டியதில்லை. சற்றுத் தூரத்தில் ஷான்யி என்ற ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சைக்கிளோடு ஏறினால் சிறிது நேரத்தில் போன் நகரம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. இருட்டில் திரும்பி ஓட்டினேன், ஊருக்கு வெளியே இரவில் கட்டாயம் போட வேண்டிய மின்னும் மேலுடுப்பு இல்லாமல்.