விவசாய இயந்திரங்களின் செயின்: தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பதும்

அறுவடை இயந்திரம், விதைக்கும் கருவி, வைக்கோல் கட்டும் பேலர் என எதில் ஓடினாலும், பழைய ரோலர் செயினைப் பார்த்து 'நீண்டுவிட்டது' என்று சொல்கிறோம். உண்மையில் அதன் பக்கத் தகடுகளான பிளேட்டுகள் இழுபட்டு நீள்வது மிகக் குறைவு. ஒவ்வொரு கண்ணியிலும் 'பின்' எனும் குறுக்குத் தண்டும் அதைச் சுற்றியுள்ள 'புஷ்' எனும் குழலும் உராய்ந்து தேய, அங்கே உண்டாகும் சிறு இடைவெளிகள் ஒன்றுசேர்ந்தே செயினின் நீளத்தைக் கூட்டுகின்றன. எண்ணெய் விடும் முறையும் செயினை மாற்ற வேண்டிய நேரமும் இந்தத் தேய்மானத்தைப் பொறுத்தே அமைகின்றன. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணைக் கண்டறிதல்

பிளேட்டின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 40, 50, 60, 80 என்பவை அமெரிக்க அளவுமுறை எண்கள். கடைசிச் சுழியத்தை நீக்கினால் எஞ்சுவது பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு பின்களின் மையங்களுக்கு இடையிலான தூரம், எத்தனை எட்டில் ஒரு அங்குலம் என்பதாகும். எனவே 60 என்றால் முக்கால் அங்குலம், 19.05 மி.மீ. ஐரோப்பிய முறையில் இதே பிட்ச் 12பி எனக் குறிக்கப்படுகிறது. பிட்ச் ஒன்றாக இருப்பதாலேயே ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிடக் கூடாது. 60-இன் உள் அகலம், அதாவது உள் பிளேட்டுகளுக்கு இடையிலான தூரம், 12.57 மி.மீ., 12பி-யின் உள் அகலம் 11.68 மி.மீ. மட்டுமே. வேளாண் கருவிகளுக்கென்றே உள்ள எஸ் 45, எஸ் 55, சி.ஏ. 550 ஆகியவற்றிலும் இதே சிக்கல் உண்டு: மூன்றுக்கும் பிட்ச் 41.4 மி.மீ., ஆனால் புஷ்ஷின் மேல் சுழலும் உருளையான ரோலரின் விட்டம் மூன்றிலும் வெவ்வேறு. எண் அழிந்திருந்தால் பிட்ச், உள் அகலம், ரோலர் விட்டம் ஆகிய மூன்றையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். பழைய செயினில் ஒரு துண்டையும் உடன் எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

படி 2: ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தல்

ஸ்ப்ராக்கெட் என்பது செயின் மாட்டி ஓடும் பற்சக்கரம். அதன் பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கமாக வளைந்திருந்தால், செயினோடு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். தேய்ந்த பற்களின் மேல் ஓடும் புதிய செயின் விரைவில் கெட்டுவிடும். இங்கே சிக்கனம் பார்ப்பது வீண் செலவு.

படி 3: பொருத்துதல்

இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான சட்டம் ஒன்றை அவற்றின் பக்கவாட்டில் வைத்துச் சரிபாருங்கள். கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும்; ஒற்றைப்படையாக இருந்தால் வளைந்த அரைக் கண்ணி ஒன்றைச் சேர்க்க நேரும், அது மற்றக் கண்ணிகளைவிட வலுக் குறைந்தது. செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியின் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், ஓட்டத்தில் எதிலாவது உரசி கிளிப் கழன்றுவிடலாம்.

தொய்வுக்கு இயந்திரக் கையேட்டில் தரப்பட்ட அளவே முதன்மையானது. கையேடு இல்லாதபோது, கிடைமட்டமாக ஓடும் செயினின் தளர்ந்த பக்கத்தை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், ஒரு மீட்டர் இடைவெளிக்கு மொத்தம் ஏறத்தாழ 4 செ.மீ. அசைவு இருக்கலாம். முறுக்கேறக் கட்டினால் பேரிங்குகளும் சேர்ந்து தேயும்.

படி 4: எண்ணெய் விடுதல்

ரோலரின் மேல் எண்ணெய் பளபளப்பதால் பயனில்லை; அது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே இறங்க வேண்டும். அதற்கு வழி, உள் பிளேட்டும் வெளிப் பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பில் விடுவதுதான். வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்தியவுடன், செயின் இளஞ்சூடாக இருக்கும்போது, முதலில் கம்பித் தூரிகையால் தூசியையும் வைக்கோல் துகளையும் நீக்கிவிட்டு எண்ணெய் விடுங்கள். சாதாரண வெப்பநிலையில் எஸ்.ஏ.ஈ. 30 எனும் தடிமன் எண் கொண்ட எண்ணெய் பொருந்தும். பிறகு வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். மேலே தங்கும் எண்ணெயில் மண் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். கெட்டியான கிரீஸ் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால், திறந்த செயினுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணிகளின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தென்பட்டால், உள்ளே எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

படி 5: தேய்மானத்தை அளத்தல்

செயினை இழுத்துப் பிடித்து, 60 எண் செயினானால் 16 பிட்ச்களை அளந்து பாருங்கள். புதியதில் அது 304.8 மி.மீ. இருக்கும். 314 மி.மீ. அளவை எட்டிவிட்டால், அதாவது 3 சதவீதம் கூடிவிட்டால், மாற்றிவிட வேண்டும். பெரிய ஸ்ப்ராக்கெட்டில் ஓடும் செயினை அதற்கு முன்பே மாற்றுவது நல்லது, ஏனெனில் நீண்ட செயின் பல்லின் மேல் ஏறித் தாவத் தொடங்கும். அறுந்த இடத்தில் மட்டும் புதிய கண்ணிகளைச் சேர்ப்பது பருவத்தின் நடுவே ஒரு நாள் வேலையைக் காப்பாற்றலாம். ஆனால் பழைய கண்ணிக்கும் புதியதற்கும் பிட்ச் ஒத்துப்போகாததால் செயின் அதிர்ந்து ஓடும்.

பருவம் முடிந்ததும் செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலரவிட்டு, எண்ணெயில் ஊறவைத்து, வடித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். புதிய செயினை மட்டும் அப்படிக் கழுவிவிடாதீர்கள். தொழிற்சாலையில் அதன் உள்ளே இட்ட மசகு வெளியேறிவிடும்.