வேட்டைக்காக விட்ட பறவை கணக்கில் வருமா? பட்டியல் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பறவை ஆர்வலர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஃபெசன்ட் (கோழியினக் காட்டுப் பறவை) பார்த்தேன், லைஃப் லிஸ்டில், அதாவது வாழ்நாளில் பார்த்த பறவைகளின் பட்டியலில், சேர்க்கலாமா?" பறவையின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கே பார்த்தீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

சுக்கார் கௌதாரியையே பாருங்கள். ஆசியப் பறவை, வேட்டைக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நெவாடாவின் வறண்ட பாறைச் சரிவுகளில் அது யார் தயவும் இல்லாமல் குஞ்சு பொரித்துப் பல தலைமுறை கண்டுவிட்டது. அங்கே பார்த்தால் தாராளமாகச் சேர்க்கலாம். அதே பறவை நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுக் கூரையில் நின்றால், வேட்டைக்கோ வேட்டை நாயைப் பழக்கவோ யாரோ வாங்கித் திறந்துவிட்டதாகத்தான் இருக்கும். அது சேராது. நம்மூர்க் கௌதாரி ஹவாயில் நிலைத்துவிட்டது, அங்கே கணக்கில் உண்டு. நம் மயில் பிரிட்டனில் தோட்டங்களிலிருந்து தப்பித் திரிகிறது, அங்கே கணக்கில் இல்லை.

'நிறைய இருக்கிறதே' என்று எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதும் தவறு. பிரிட்டனில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ஃபெசன்ட்களைத் திறந்துவிடுகிறார்கள். ஆனாலும் அது அந்நாட்டுப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம், காட்டில் தானாகவே இனப்பெருக்கம் செய்யும் கூட்டமும் அங்கே இருப்பதுதான். அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் விதி, அயல் பறவைக் கூட்டம் குறைந்தது 15 ஆண்டுகளாவது நிலைத்திருக்க வேண்டும் என்கிறது.

பிரிட்டனில் செங்கால் கௌதாரி பார்த்தால் கழுத்தை உற்றுப் பாருங்கள். அதன் கறுப்புப் பட்டை கீழே கோடுகளும் புள்ளிகளுமாகச் சிதறி மார்பில் இறங்கும். சுக்காருக்குப் பட்டை வெட்டினாற்போல் முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவாகத் தெரிந்தால் கலப்பினம். எந்த இனத்தின் பெயரிலும் எண்ணக்கூடாது. இப்படிப்பட்ட கலப்பினங்களைத் திறந்துவிடுவது அங்கே 1992-லேயே நிறுத்தப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, 'கணக்கில் வராது' என்று குறிக்காமலே விட்டுவிடுவது. சீனாவிலிருந்து வந்த லேடி ஆம்ஹர்ஸ்ட் ஃபெசன்ட் பெட்ஃபோர்ட்ஷையர் காடுகளில் பல தலைமுறை வாழ்ந்து, பிரிட்டன் பட்டியலிலும் இடம்பெற்று, பிறகு தேய்ந்து மறைந்தது. அந்த மறைவு நமக்குத் தெரிவதே ஆர்வலர்கள் விடாமல் குறித்து வைத்ததால்தான். அந்தக் காலத்தில் காட்டில் அதைப் பார்த்தவர்கள் இப்போது தங்கள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதில்லை. இன்று புதிதாக ஒன்று கண்ணில் பட்டால், அது கூண்டிலிருந்து தப்பியது என்றே கொள்ள வேண்டும்.

சரி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இபேர்டில் எப்படிப் போடுவது? பார்த்ததைப் பார்த்தபடி போடுங்கள். நிலைத்தது, தற்காலிகம் (நிலைத்ததாக இன்னும் உறுதியாகாதது), தப்பியது என்ற மூன்று அயல் வகைகளில் எது என்பதை இடத்தை வைத்து இபேர்டே முடிவு செய்யும். முதல் இரண்டும் மொத்த எண்ணிக்கையில் சேரும். தப்பியது சேராது, ஆனால் உங்கள் பட்டியலில் தனியாகத் தெரியும். காலில் வளையம் இருந்ததா, இறகு முனை தேய்ந்திருந்ததா, ஆளைக் கண்டு ஓடாமல் நின்றதா என்று குறிப்பு எழுதி, ஒரு படமும் சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஆளுக்கு அஞ்சாமல் நின்றது என்பதை மட்டும் வைத்துத் தப்பிய பறவை என்று முடிவு கட்டாதீர்கள். மனிதரை அதிகம் பார்க்காத காட்டுப் பறவைகளிலும் சில அப்படி நிற்கும்.